கூட்டத்தைக் குழாயால் வகுத்துப் பாருங்கள்

பிரஸ்ஸல்ஸ் நகரின் நடுவே உள்ள கிராண்ட் பிளாஸ் சதுக்கத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் ஒரு முட்டுச்சந்து வரும். அங்கே இருக்கிறது டெலீரியம் கஃபே. 2004-ல் 2,004 வகை பீர் வைத்திருந்ததற்காகக் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்த கடை இது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்பது இந்தச் சந்தில்தான். ஆண்டும் எண்ணும் ஒன்றாக அமைந்தது நல்ல விளம்பரம். ஆனால் நல்ல பீர் தேடி வந்தவருக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை. இருபது பக்க மெனு அட்டையை நீட்டும் மல்ட்டி க்யூஸின் உணவகத்தையும், இன்றைக்கு இன்ன குழம்பு, இன்ன கூட்டு என்று ஒரு பலகையில் எழுதிவைக்கும் மெஸ்ஸையும் எதிரெதிரே வைத்தால் எங்கே சாப்பாடு சூடாக இருக்கும் என்று நமக்குச் சட்டெனத் தெரிகிறது. பீர் விஷயத்தில் அந்தப் புத்தி வேலை செய்யாமல் போகக் காரணம், பாட்டிலிலும் பீப்பாயிலும் அடைத்த சரக்கு கெடாது என்ற நம்பிக்கை. சாராய வகைகளுக்கு அது சரி. பீருக்குச் சரியல்ல.

பீர் மெல்ல மெல்லக் கெடும் பொருள். ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் வாசனைதான் முதலில் மங்கும். உள்ளே புகுந்த ஆக்சிஜன் நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டியை மென்றதுபோன்ற ஒரு சுவையைக் கொண்டுவரும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் எழும். பீர் பாட்டில்கள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பது இதைத் தடுக்கத்தான். கடையில் குழாய்வழி வரும் பீருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கெக் எனப்படும் எஃகுப் பீப்பாயிலிருந்து குழாய் வாய்வரை ஓடும் நெகிழிக் குழல்களில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்ட நியதி. கழுவாவிட்டால் எவ்வளவு பெரிய ஆலையின் பீரும் புளித்த வெண்ணெய் நாற்றத்தோடுதான் கோப்பையில் இறங்கும். காய்ச்சியவர் கெட்டிக்காரரா என்பதோடு, காய்ச்சிய பிறகு அந்த பீர் எத்தனை நாள், எப்படிக் காத்திருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

காத்திருப்பை வெளியிலிருந்தே கணக்கிட ஒரு வழி இருக்கிறது, வகுத்தல் தெரிந்தால் போதும். முப்பது லிட்டர் கெக் ஒன்றில் கால் லிட்டர் கோப்பைகள் 120 நிரம்பும். ஒரு கடையில் ஓர் இரவுக்கு 240 கோப்பை போகிறது, குழாய்கள் நாற்பது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு குழாய்க்கு ஆறு கோப்பை. திறந்த பீப்பாய் தீர இருபது நாள் ஆகும். அதே கூட்டம், எட்டே குழாய் என்றால் குழாய்க்கு முப்பது கோப்பை. நான்கு நாளில் பீப்பாய் மாறிவிடும். நாற்பது குழாய்க் கடையில் ஆயிரம் கோப்பை போகிறதென்றால் அதுவும் ஐந்து நாளுக்குள் மாறும். எனவே நீண்ட பட்டியல் என்பதே குற்றமில்லை. குழாய் அதிகமிருக்கும் கடைக்கு அதற்கேற்ற கூட்டம் வேண்டும். கூட்டம் குறைந்த கடைக்குக் குழாய் குறைவாக இருக்க வேண்டும். டெலீரியத்துக்கே கூட நியாயம் செய்வதென்றால், அங்கே மொய்க்கும் கூட்டத்தில் குழாய் பீர் தேங்கி நிற்க வழியில்லை; சந்தேகப்பட வேண்டியது அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும் ஆயிரத்துச் சொச்சம் பாட்டில்களைத்தான். பயப்பட வேண்டிய கடை வேறு: மாலை ஏழு மணிக்கு நான்கு மேசையில் மட்டும் ஆள், சுவரிலோ முப்பது குழாய் மினுங்குகிறது.

இந்தக் கணக்கை பிரஸ்ஸல்ஸிலேயே ஒருவர் கேலி செய்துவிடலாம். இந்த ஊரின் பெருமையே காத்திருந்து பழகிய பீர்தானே என்பார். உண்மை. லம்பிக் என்ற அந்த பீரைப் புரிந்துகொள்ள நமக்கு ஐரோப்பியரைவிட அதிக உரிமை உண்டு, ஏனென்றால் நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கிறது. மாவுக்கு யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. உளுந்திலும் கையிலும் காற்றிலும் இருப்பதே வேலையைப் பார்க்கிறது. பனையில் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் தானாகக் கள்ளாவதும் அப்படித்தான். லம்பிக்கும் அதே இனம். உலகின் பெரும்பாலான பீர்களில் ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டை அளந்து போடுகிறார்கள். லம்பிக்கில், மால்ட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, மேல்மாடியில் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் சாளரக் காற்றில் ஆறவிடுகிறார்கள். காற்றிலும் கூரை மரத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வந்து இறங்கும். அந்த ஈஸ்ட்டுகளில் முக்கியமான ஒன்றின் அறிவியல் பெயரிலேயே ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறது: பிரெட்டனோமைசெஸ் புருக்ஸெல்லென்சிஸ். இரவு குளிர்ந்தால்தான் இது சரியாக அமையும். எனவே அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் கிடைப்பது கோஸ். (முட்டைகோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) புளிப்பு, வறட்சி, தொழுவத்தை நினைவூட்டும் ஒரு வாடை, முதல் வாயில் முகம் சுளிக்காதவர் அபூர்வம்.

ஆண்டர்லெக்ட் பகுதியில், மிதி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள கான்டியோன் ஆலை 1900-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் நகர எல்லைக்குள் தாக்குப்பிடித்த ஒரே பாரம்பரிய லம்பிக் ஆலை இதுதான். 1978 முதல் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. உள்ளே சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை. பீப்பாயைத் தேடிவரும் பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். பாரிஸில் இருக்கும் நம்மவர் காலையில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அப்படியானால் மூன்று வருடம் படுத்திருந்த பீருக்கு என் வகுத்தல் கணக்கு என்ன சொல்லும்? கணக்கு உடையவில்லை, கூர்மையாகிறது. காத்திருப்பதற்கென்றே செய்த பீர் வேறு, விற்காமல் காத்திருக்கும் பீர் வேறு. கோஸ் பாட்டில் நிலவறையில் பத்தாண்டு கிடந்தாலும் அதற்குள் உயிர் வேலை செய்துகொண்டே இருக்கும். ஹாப்ஸ் வாசனையை நம்பிச் செய்த ஐபிஏ பத்து மாதம் கிடந்தால் அதன் கதை முடிந்தது. நல்ல கடை என்பது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத கடை. வேகமாக ஓடுவதைக் குழாயில் வைக்கும், பொறுக்கக்கூடியதைப் பாட்டிலில் வைக்கும். பிரான்ஸ் எல்லையருகே ஓர்வால் மடத்தில் காய்ச்சும் பீரைச் சில கஃபேக்களில் கேட்டால், இளசா, பழசா என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரே பீர்தான், அடைத்த சில வாரங்களில் ஹாப்ஸ் தூக்கலாகவும், ஆறு மாதம் தாண்டினால் காட்டு ஈஸ்ட்டின் வாடை தூக்கலாகவும் இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடையில் தைரியமாக உட்காரலாம்.

கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் எழுத்துகள் பேசும். பெல்ஜிய லேபிள்களில் இரண்டு ஜோடிச் சொற்களைப் பிரித்தறிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முதலாவது, ட்ராப்பிஸ்ட், அபே. அறுகோண வடிவில் ட்ராப்பிஸ்ட் முத்திரை இருந்தால் மடத்தின் வளாகத்துக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சியது என்று அர்த்தம். அகெல் மடத்தில் கடைசித் துறவிகளும் வெளியேறியபோது 2021-ல் அந்த பீர் முத்திரையை இழந்தது, அவ்வளவு கறார். பெல்ஜியத்தில் இப்போது மிஞ்சியிருப்பவை ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மால, வெஸ்ட்ஃப்ளெதெரன் என்ற ஐந்து. 'அபே பீர்' என்பதில் அந்தக் கட்டாயம் இல்லை. லெஃப் என்ற மடம் டினான் ஊரருகே இருக்கிறது. அதன் பெயரில் விற்கும் பீரோ லூவென் நகரில், உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ் ஆலையில் தயாராகிறது. அது மோசமான பீர் என்று சொல்லவில்லை. அதைக் குடிக்க பிரஸ்ஸல்ஸ் வர வேண்டியதில்லை, அவ்வளவுதான். இரண்டாவது ஜோடி, வெறும் கோஸும் 'ஊட்' கோஸும். ஊட் என்றால் பழைய. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த அடைமொழிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது இல்லாத கோஸிலும், க்ரீக் என்ற செர்ரி பீரிலும் சர்க்கரையோ இனிப்பூட்டியோ பழச்சாறோ கலந்திருக்கலாம். ஊட் க்ரீக்கில் புளிப்புச் செர்ரிப் பழமே லம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறியிருக்கும்.

கடையின் வாசலும் ஒரு லேபிள்தான். பெல்ஜியத்தில் ஏராளமான கஃபேக்கள் ஏதோ ஒரு பெரிய ஆலைக்குக் கட்டுப்பட்டவை. கட்டடம் ஆலையுடையதாக இருக்கும், அல்லது மேசை நாற்காலி வாங்கவும் குளிர்பதனம் போடவும் ஆலை கடன் கொடுத்திருக்கும். பதிலுக்கு அந்த ஆலையின் சரக்கைத்தான் குழாயில் வைக்க வேண்டும். வாசலில் ஜூப்பிலர் என்றோ மாஸ் என்றோ ஆலைப் பெயர் பெரிய நியான் எழுத்தில் ஒளிர்ந்து, கஃபேயின் சொந்தப் பெயர் அதன் அடியில் ஒடுங்கிக் கிடந்தால் உறவு எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். இந்தப் பிடிக்கு வெளியே வந்தவர்களால்தான் நகரின் பீர் வரைபடம் மாறியது. 2009-ல் ஃபொன்டேனாஸ் சதுக்கத்தில் திறந்த மூடெர் லம்பிக் கஃபேயில் நாற்பதுக்கும் மேல் குழாய்கள். பெரிய ஆலைகளின் பீர் அங்கே கிடையாது, சிறு ஆலைகளைத் தேர்ந்தெடுத்து மாற்றி மாற்றி வைக்கிறார்கள். 2010-ல் மோலன்பேக்கில் சொந்த ஆலையைத் தொடங்கிய ப்ராஸரி த லா ஸென், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாக்கடையாகி, கல் வளைவு போட்டு மூடப்பட்ட ஊர் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டது. அதன் தராஸ் பூல்பா 4.5 சதவீத ஆல்கஹால் கொண்ட கசப்பான, லேசான பீர். ஒவ்வொரு பீருக்கும் தனிக் கோப்பை கொடுப்பதை மட்டும் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோப்பைகளை ஆலைகளே விளம்பரத்துக்காக அனுப்பிவைக்கும். கோப்பை சுத்தமா என்று பாருங்கள்: கண்ணாடியின் உட்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ போகவில்லை.

இவ்வளவு எதற்கு, கைபேசியில் மதிப்பெண் பார்த்தால் போதாதா என்பது இன்றைய வலுவான ஆட்சேபம். ஆயிரம் பேரின் நாக்கு ஒருவரின் ஊகத்தைவிட மேல் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மதிப்பெண் போடுகிறவர்களில் பலர் அபூர்வத்துக்கு மயங்குகிறவர்கள். அன்டாப்டு போன்ற செயலிகளின் உச்சியில் இருப்பவை பெரும்பாலும் பத்து சதவீதத்தைத் தாண்டிய, கருத்த, கிடைப்பதற்கு அரிய பீர்கள். குற்றமில்லாமல் காய்ச்சிய எளிய லாகர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடுவில்தான் நிற்கும். வெஸ்ட்ஃப்ளெதெரன் 12 இதற்கு நல்ல சாட்சி. உலகின் சிறந்த பீர் என்று இணையத் தரவரிசை சொன்னதும் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் கிராமத்து மடத்தின் வாசலில் கார் வரிசை நீண்டது. துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. காய்ச்சுவது மடத்தின் செலவுக்காக, காய்ச்சுவதற்காக மடம் இல்லை என்பது அவர்கள் நிலை. விளைவு, முன்பதிவும் அளவுக் கட்டுப்பாடும். பிரஸ்ஸல்ஸின் சுற்றுலாக் கடைகளில் அதே பாட்டில் பல மடங்கு விலைக்கு. அருமையான பீர்தான், ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு வரிசையின் விலை. செயலியை அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டு தேதியைப் பாருங்கள். இந்தக் கடையில் இந்த வாரம் எத்தனை பேர், எந்தெந்த பீர் குடித்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கும். கூட்டத்தைக் குழாயால் வகுக்கத் தேவையான எண் அங்கேயே கிடைக்கிறது.

இன்னோர் ஆட்சேபம் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும். சின்ன ஆலை, உள்ளூர், கைவேலை என்றாலே நல்லது என்று ஆகிவிடுமா? ஆகாது. பெரிய ஆலைகள் ஒரே சுவையைக் கோடிக்கணக்கான பாட்டில்களில் பிசகாமல் கொண்டுவருவது சாதாரணத் தொழில்நுட்பமில்லை, பல சின்ன ஆலைகளுக்கு அது எட்டாது. நொதிப்பை அவசரமாக நிறுத்திய பீரில் வெண்ணெய் வாடை, பீப்பாயில் காற்று புகுந்ததில் காடியின் காட்டம், அதிகம் ஹாப்ஸ் போட்டு மறைக்கப் பார்த்த பிழைகள், எல்லாம் கிராஃப்ட் என்ற பெயரில் விலை போகின்றன. சொந்த ஆலையே இல்லாமல், வேறோர் ஆலையில் காய்ச்சவைத்துத் தன் லேபிளை ஒட்டும் நிறுவனங்களும் பெல்ஜியத்தில் நிறைய. லேபிளின் பின்புறம் எங்கே காய்ச்சியது என்று தேடினால் தெரியும், அந்த வரியே காணோம் என்றால் அதுவும் ஒரு செய்திதான். எனவே புதிய இடத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆலையின் மிக எளிய, மிக லேசான பீரை. சாக்லேட்டும் காப்பியும் பழமும் போட்டதில் பிழை ஒளிந்துகொள்ளும். வெறும் லாகரிலோ வெளிர் ஏலிலோ ஒளிய இடமில்லை. புது ஓட்டலில் முதல் நாள் நெய் ரோஸ்ட்டை விட்டு இட்லி சொல்கிறவர்களுக்கு இது விளங்கும். "எது நல்லது?" என்ற கேள்விக்குப் பரிமாறுகிறவர் விலை கூடியதைச் சொல்ல வாய்ப்புண்டு. "கடைசியாக எந்தப் பீப்பாயைத் திறந்தீர்கள்?" என்று கேட்டால் பொய் சொல்லக் காரணமில்லை, கூட்டம் சேராத பிற்பகலில் கேட்டால் உள்ளே போய்ப் பார்த்துவந்தும் சொல்வார்.

ஒரே மாலை இருக்கிறது, ஆன்சைட் வேலைக்கு வந்த இடம், நாளை விமானம், எனவே பலவகை இருக்கும் பெரிய கடைதானே வசதி என்று ஒருவர் கேட்கலாம். இதில் எண்ணிக்கைக்கு உடம்பு வைக்கும் வரம்பு ஒன்று இருக்கிறது. 1919-ல் பெல்ஜியம் கஃபேக்களில் காட்டமான சாராய வகைகளை விற்கத் தடைவிதித்தது. வாண்டர்வெல்ட சட்டம் என்பார்கள். போதை தேடியவர்களுக்கு ஈடுகட்ட ஆலைகள் பீரையே காட்டமாக்கின, சட்டம் போன பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து சதவீதம் இங்கே சகஜம். 33 சென்டிலிட்டர் பாட்டில் மூன்று போதும், நான்காவதன் சுவையைச் சொல்ல நாக்கு இருக்காது. ஆக இரண்டாயிரத்தில் மூன்று, இருபதில் மூன்று, இரண்டும் ஒன்றே. பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு சொல்லிவிட்ட பிறகு, குறைவாகக் குடித்து நன்றாகக் குடிப்பது என்ற வாதத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்க முடியாது. குடிக்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டவருக்கு இடம் தேர்ந்தெடுக்கும் யோசனைதான் இங்கே பேச்சு. அவர் சின்னக் கோப்பையில் கேட்கலாம், ஒரு பாட்டிலை இருவர் பகிரலாம். 75 சென்டிலிட்டர் கோஸ் பாட்டில் மேசைக்கு நடுவே வைத்துப் பகிரவே உருவானது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பை மீறி வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். மெட்ரோவும் ட்ராமும் இருக்கும் ஊரில் அந்தப் பிரச்சினையே எழ வேண்டாம்.

மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கும் மாநிலத்திலிருந்து போகிறவருக்குக் கடையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியே இருக்க நியாயமில்லை. பயிற்சிக்கு பிரஸ்ஸல்ஸ்வரை போக வேண்டாம், பெங்களூரு போதும். 2010-ல் இந்திராநகரில் டாய்ட் திறந்த காலத்திலிருந்து அங்கே பெருகியவை, காய்ச்சிய இடத்திலேயே விற்கும் ஆலைக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னே தொட்டி, கண்ணாடிக்கு முன்னே மேசை. தூரம் என்பதே இல்லாததால் அங்கே கணக்கு இன்னும் எளிது: பலகையில் எத்தனை பீர், எது அன்றாடம் ஓடுகிறது, எது அலங்காரத்துக்கு நிற்கிறது. கூரை உயரத்துக்கும் இசைக்கும் மதிப்பெண் போடாமல் அதை மட்டும் கேட்டால் இடம் பிடிபடும்.

வகுத்தலின் எல்லையைப் பார்க்க விரும்புகிறவர் பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்திலுள்ள கொலோன் நகருக்குப் போகலாம். அங்கே பழைய ஆலைக் கூடங்களில் குழாய்க் கணக்கு ஒன்றுதான். கேல்ஷ் என்ற வெளிர் பீர், அதைத் தவிர வேறில்லை. கொலோன் வட்டாரத்துக்கு வெளியே காய்ச்சியதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று 1986-ல் ஆலைகள் கூடி ஒப்பந்தம் போட்டன. 1997-ல் ஐரோப்பியப் பாதுகாப்பும் கிடைத்தது. 200 மில்லி பிடிக்கும் மெலிந்த, நேரான கோப்பையில்தான் ஊற்றுவார்கள், நுரை அடங்குவதற்குள் குடித்து முடியட்டும் என்று. பத்து லிட்டர் மரப்பீப்பாயில் ஐம்பது கோப்பை. வெள்ளிக்கிழமை மாலையில் அது மேடைமேல் ஏறிய சூட்டோடு காலியாகி இறங்கும். க்யோபெஸ் எனப்படும் பரிமாறுகிறவர் மெனு அட்டையும் நீட்டுவதில்லை, என்ன வேண்டும் என்றும் கேட்பதில்லை. காலிக் கோப்பையை எடுத்துவிட்டு நிறைந்ததை வைத்து, கோப்பைக்கு அடியிலிருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்வார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கோப்பையின் வாயை மூடிவிட வேண்டும். அதுவரை வந்துகொண்டே இருக்கும்.